சாடிக்குள் சேர்த்து வைத்த நேரம்

வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் சியோல் குடும்பம் ஒன்று இரவுச் சாப்பாட்டுக்கு டுவென்ஜாங் ஜிகே என்னும் குழம்பு வைக்கிறது என்றால் அடுப்படியில் நடப்பது இவ்வளவுதான். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைச் சிறிய சட்டியில் ஊற்றி, தலையையும் குடலையும் கிள்ளியெடுத்த நெத்திலிக் கருவாட்டை நாலைந்து போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். சாரம் இறங்கியதும் கருவாட்டை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு, வெங்காயம், பிஞ்சுப் பூசணித் துண்டுகளைச் சேர்க்கிறார்கள். காய் பாதி வெந்ததும் டுவென்ஜாங் என்னும் சோயா விழுதை ஒரு கரண்டி எடுத்துக் கரைக்கிறார்கள். கடைசியாக டோஃபு, நறுக்கிய பச்சை மிளகாய், வெங்காயத்தாள். கொதி வந்ததும் சட்டி அப்படியே சாப்பாட்டு மேசைக்குப் போகிறது. மின்குக்கரில் சோறு வெந்திருக்கும், குளிர்பெட்டியில் கிம்ச்சி இருக்கும். மொத்தம் 20 நிமிடம். அரைப்பு இல்லை, வதக்கல் இல்லை, தாளிப்பும் இல்லை. ஆனாலும் பயறு, காய், சிறுமீன், சோறு என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வேளையில் வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட சமையலை இன்று பல நாடுகளின் சமையல் புத்தகங்கள் அவசரக்காரர்களின் அதிர்ஷ்டம் என்பதுபோலப் பேசுகின்றன. நொதிக்கவைத்த பண்டம் ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டால் வார நாட்களின் இரவுச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் டப்பாவுக்கு முந்தைய கதை அங்கே விடுபட்டுப்போகிறது. குழம்புக்கு ருசி சேர்க்கும் வேலை முழுவதும் மாதக்கணக்கில் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டதால்தான் இரவில் 20 நிமிடம் போதுமானதாக இருக்கிறது. அந்த மெதுவான வேலை என்றைக்கும் ஒழிந்துபோகவில்லை. இடம் மாறியிருக்கிறது, ஆள் மாறியிருக்கிறது. முதலில் அது வீட்டுப் பெண்களின் முற்றத்தில் இருந்தது, பிறகு தொழிற்சாலைக்கும் குளிர்பெட்டிக்கும் போனது. கொரியாவின் ஜாங் வரலாற்றை இந்த இடமாற்றத்தின் வரலாறாகப் படிப்பதே சரி என்பது என் வாதம்.

ஜாங் என்பது சோயாவிலிருந்து நொதித்து வரும் மூன்று முக்கியமான பண்டங்களின் குடும்பப் பெயர்: கன்ஜாங் என்னும் கரிய திரவம், டுவென்ஜாங் என்னும் விழுது, மிளகாய் சேர்ந்த கொச்சுஜாங். இவற்றின் ஆண்டு, அறுவடை முடிந்த நவம்பரில் தொடங்குகிறது. சோயாவை ஒரு ராத்திரி ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும்வரை மணிக்கணக்காக வேகவைத்து, உரலில் இடித்து, செங்கல் அளவுக் கட்டிகளாகப் பிடிப்பார்கள். அதுதான் மேஜு. மேற்பரப்பு காய்ந்ததும் வைக்கோல் கயிற்றில் கட்டிக் கூரைச் சட்டத்திலோ சூடான அறையிலோ தொங்கவிடுவார்கள். வைக்கோல் கட்டுவதற்கு மட்டும் அல்ல. அதில் குடியிருக்கும் பாசிலஸ் வகைப் பாக்டீரியா கட்டிக்குள் இறங்குகிறது, காற்றிலிருந்து அஸ்பெர்ஜிலஸ் வகைப் பூஞ்சணம் வந்து மேலே படிகிறது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வாடை இருக்கும். நிலவுக் கணக்கில் முதல் மாதம் பிறந்ததும் நல்ல நாள் பார்ப்பார்கள். குதிரை நாள் உகந்தது என்பது பரவலான நம்பிக்கை. மேஜுவைக் கழுவி வெயிலில் உலர்த்தி, பெரிய மண்சாடியில் அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பின் பதம் பார்க்க ஒரு முட்டையை மிதக்கவிடுவது வழக்கம். முட்டையின் மேற்புறம் ஒரு காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி. மேலே கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இலந்தை வகைப் பழமும் மிதக்கும். 40 முதல் 60 நாள் கழித்துக் கட்டிகளை வெளியே எடுத்துப் பிசைந்து வேறொரு சாடியில் அழுத்தி வைத்தால் டுவென்ஜாங். சாடியில் மிஞ்சிய நீரைக் காய்ச்சி வைத்தால் கன்ஜாங். இரண்டும் உடனே உண்ணத் தகுந்தவை ஆகிவிடுவதில்லை. இன்னும் சில மாதம், நல்ல வீடுகளில் சில ஆண்டு, சாடியில் முதிர வேண்டும்.

அந்த மாதங்களில் நடப்பது செரிமானத்தின் முன்வேலை. உலர்ந்த சோயாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். ஆனால் புரதமாக இருக்கும்வரை அது நாக்குக்குப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை, வேகவும் நேரம் எடுக்கும். பூஞ்சணத்தின், பாக்டீரியாவின் நொதிகள் அதைச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. அவற்றில் முக்கியமானது குளுட்டாமிக் அமிலம். 1908இல் தோக்கியோவில் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட சுவையின் மூலம் இதுதான். எலும்பையோ இறைச்சியையோ நெடுநேரம் கொதிக்கவைத்துப் பெறும் நிறைவை ஒரு கரண்டி விழுது கொதிநீரில் கரைந்த மாத்திரத்தில் தந்துவிடுகிறது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, சோயாவில் அது தாராளம். சோறும் ஜாங்கும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இறைச்சி அரிதாகக் கிடைத்த ஒரு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஜாங்கின் பழமைக்குச் சான்று தேட நாட்டார் கதைகளை நம்ப வேண்டியதில்லை. 3ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீன வரலாற்று நூலான சான்குவோ ஜி, பழைய கொரிய அரசான கொகுர்யோவின் மக்கள் நொதிக்கவைத்துச் சேமிப்பதில் தேர்ந்தவர்கள் என்று குறிப்பிடுகிறது. 1145இல் கிம் பூசிக் தொகுத்த சாம்குக் சாகி, 683இல் சில்லா அரசர் சின்முனின் திருமணத்துக்கு மணமகள் வீட்டுக்கு அனுப்பிய சீர்வரிசையைச் சொல்லும்போது அரிசி, மது, எண்ணெய், தேன் ஆகியவற்றோடு ஜாங்கையும் நொதித்த சோயாவையும் சேர்த்து 135 வண்டி என்று கணக்குக் கொடுக்கிறது. அரச மாளிகையின் சீரில் இடம்பெற்றது என்பதால் அதை ஆடம்பரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொர்யோ அரசின் வரலாறு காட்டும் இன்னொரு காட்சி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1052இல் தலைநகர் கேக்யோங்கில் பட்டினி கிடந்த 30,000 பேருக்கு அரசர் முன்ஜோங் அரிசியும் தினையும் கொடுத்தபோது நொதித்த சோயாவையும் சேர்த்தே கொடுத்தார். பஞ்சத்தில் தானியம் மட்டும் போதாது, அதைச் சாப்பாடாக்கும் பொருளும் வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. 1660இல் ஷின் சோக் வெளியிட்ட பஞ்சகால நூலிலும் ஜாங் போடும் முறைகள் இருக்கின்றன. பஞ்சத்துக்கான புத்தகத்தில் மாதக்கணக்கில் முதிரும் பண்டத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். விறகும் நேரமும் உடம்பில் தெம்பும் இல்லாத வேளையில் உடனே சாப்பாடாக மாறக்கூடியது முன்பே முதிர்ந்த ஜாங் மட்டும்தான். அதனால் அது கையிருப்பாக இருந்தாக வேண்டும்.

இதையே வீட்டளவில் சொல்லும் நூல் 1766இல் யு ஜுங்ரிம் விரிவாக்கிய ஜுங்போ சல்லிம் க்யோங்ஜே. வீட்டில் ஜாங்கின் ருசி கெட்டுவிட்டால் நல்ல காயும் இறைச்சியும் இருந்தும் நல்ல கறி வைக்க முடியாது என்றும், ஜாங் நன்றாக அமைந்துவிட்டால் இறைச்சி கிடைக்காத கிராமத்தானுக்கும் தொடுகறிக் கவலை இருக்காது என்றும் அந்த நூல் சொல்கிறது. கொச்சுஜாங் செய்முறையையும் அது தருகிறது. கொரிய உணவென்றாலே சிவப்பு நிறம் நினைவுக்கு வரும் இன்றைய வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகாய் கொரியாவுக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வந்த விருந்தாளி; 1614இல் யி சுக்வாங் அதை ஜப்பானிலிருந்து வந்த காரப்பொருளாகவே எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கொரியச் சோற்றுக்குத் துணை நின்றது கரிய, பழுப்பு நிற ஜாங்தான். போர்க்காலத்திலும் அதே கணக்குத்தான். 1597இல் ஜப்பானியப் படை மீண்டும் வந்தபோது அரசர் ஒதுங்க வேண்டியிருந்தால் போகும் இடத்தில் ஜாங் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அதிகாரியை அனுப்புவது பற்றி அரசவை பேசியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வேகம் என்பது அலுவலகமும் மின்ரயிலும் வந்த பிறகு பிறந்த தேவை. நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களின் சமையலில் அதைத் தேடுவது நம் காலத்தின் கவலையைப் பழங்காலத்தின் மேல் ஏற்றுவதாகாதா? நியாயமான கேள்வி. ஆனால் நாற்று நடவுக் காலத்துக் கொரியக் கிராமத்தை எண்ணிப்பார்த்தால் பதில் கிடைக்கும். அந்த வாரங்களில் விடிவதற்கு முன்பே அடுப்புப் பற்ற வேண்டும். வேளாவேளைச் சாப்பாட்டோடு இடைவேளை உணவையும் தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதைச் சமைத்த அதே பெண்கள்தான் வயலிலும் கை கொடுத்தார்கள். கொய்து வந்த கீரையை வெந்நீரில் வாட்டி ஜாங்கில் பிசைவது, முள்ளங்கித் தழையை ஜாங் கரைத்த நீரில் கொதிக்கவைப்பது, கீரை இலையில் சோற்றையும் விழுதையும் வைத்து மடித்து வாயில் போட்டுக்கொள்வது ஆகிய எல்லாமே நேரத்தையும் விறகையும் மிச்சப்படுத்தும் உணவுகள். அவசரம் அன்றைக்கும் இருந்தது. அதற்குத் தனிப் பெயரும் கடிகாரமும் இல்லை என்பதைத் தவிர வேறுபாடு அதிகம் இல்லை.

நொதித்தால் மெதுவாகத்தான் நொதிக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். சொங்குக்ஜாங் என்றொரு பண்டம் இருக்கிறது. வெந்த சோயாவை வைக்கோலோடு சேர்த்துக் கம்பளி போர்த்தி, அடுப்புப் புகை கீழே ஓடிச் சூடேற்றும் தரையில் இரண்டு மூன்று நாள் வைத்தால் நூல் நூலாக இழுபடும். உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்தால் குழம்புக்குத் தயார். ஜாங் தீர்ந்துபோய்ப் புது ஜாங் முதிராத இடைக்காலத்தில் அது கைகொடுக்கும். ஆனால் அது நெடுநாள் தாங்காது, குளிர்காலத்துக்கே உரியது, ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து ஒரு கோடைக்கால இரவில் கையை விட்டு எடுத்துக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. உப்பும் காலமும் சேர்ந்து கொடுக்கும் உத்தரவாதத்தைச் சாடி ஜாங் மட்டுமே தந்தது.

அந்த உத்தரவாதத்துக்கு விலை கொடுத்தது யார்? 1809இல் பிங்ஹொகாக் யி என்னும் பெண்மணி பெண்களுக்காகக் கொரிய எழுத்தில் தொகுத்த க்யூஹாப் சொங்சோ என்ற வீட்டு நிர்வாக நூல், நாள் பார்ப்பதில் தொடங்கிச் சாடி, தண்ணீர், உப்பு என்று ஜாங் வேலையை விரிவாகப் பேசுகிறது. இத்தனை கவனத்துக்குக் காரணம் உண்டு. ஒரு சாடி கெட்டால் அந்த ஆண்டின் சாப்பாடே கெட்டது. அது குடும்பத்துக்கே கேடு வருவதன் அறிகுறி என்றும் சொல்வார்கள், பழி மருமகள் மேல் விழும். ஜாங் போடும் நாளுக்கு முன்பு பெண்கள் துக்க வீட்டுக்குப் போகாமல், சண்டை சச்சரவில் சிக்காமல் ஒதுங்கியிருந்தார்கள். மூச்சுப் படக்கூடாதென்று வாயைக் காகிதத்தால் மூடிக்கொண்டு வேலை செய்த இடங்களும் உண்டு. சாடியின் கழுத்தில் மிளகாயும் கரியும் கோத்த வைக்கோல் கயிறு கட்டி, காகிதத்தில் வெட்டிய காலுறை வடிவத்தைத் தலைகீழாக ஒட்டித் தீட்டு விலக்கினார்கள். போட்டு முடித்த பிறகும் ஓய்வில்லை. வீட்டின் வெயில் படும் பக்கத்தில் மேடை கட்டிச் சாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். காலையில் வெயில் ஏறியதும் மூடியைத் திறக்க வேண்டும், சாயங்காலம் மூட வேண்டும், மழை தூறினால் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும், ஈ முட்டையிடாமல் பார்க்க வேண்டும், மண்ணின் நுண்துளைகள் அடைபடாமல் சாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சாடியைச் செய்தவர்களும் வசதியானவர்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் மீது நடந்த ஒடுக்குமுறைக்குத் தப்பி மலைக்குள் ஒளிந்த குடும்பங்கள் பல, சாடி வனைந்தும் சுமந்து விற்றும் பிழைத்தன.

இதைச் சுமை என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண்களின் திறமையைச் சிறுமைப்படுத்துவது ஆகும் என்று சிலர் சொல்வார்கள். ஜாங் சாடியும் அதன் பக்குவமும் மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறும்போது வீட்டின் அதிகாரமும் கைமாறியது, பழைய கன்ஜாங்கில் ஆண்டுதோறும் புதியதைச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக அணையாமல் காத்த வீடுகள் உண்டு, அது பெருமைக்குரிய அறிவு என்பதெல்லாம் உண்மை. நானும் அதை அறிவு என்றே மதிக்கிறேன். ஆனால் மதிப்பு இருந்த இடத்தில் தெரிவு இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஜாங் போடாமல் குடும்பம் நடத்த ஒரு விவசாயப் பெண்ணுக்கு வழியே இல்லை. வசதியான வீட்டில் அந்த வேலையைப் பணியாட்களும் அடிமைகளும் செய்தார்கள். ஏழை வீட்டிலோ அடுத்த ஆண்டுக்கு விதையாக வேண்டிய சோயாவையும் விலை கொடுத்து வாங்கிய உப்பையும் பணயம் வைத்து அவளே செய்தாள். கோடை இரவின் எளிய சாப்பாட்டுக்குக் கடன் கொடுத்தது அவளுடைய குளிர்காலம்.

முற்றத்திலிருந்து வேலை வெளியேறத் தொடங்கியது ஜப்பானியர் ஆட்சியை ஒட்டி. 1905இலேயே மாசானில் ஜப்பானியர் நடத்திய சோயா சாஸ் ஆலை ஒன்று தொடங்கியது. கோதுமையும் சோயாவும் சேர்த்து, தேர்ந்தெடுத்து வளர்த்த பூஞ்சணத்தைத் தூவிச் செய்யும் அந்தத் திரவம் இனிப்பு கலந்தது, நிறம் கூடியது. 1945இல் விடுதலை கிடைத்ததும் ஜப்பானியர் விட்டுச்சென்ற ஆலைகள் கொரியர் கைக்கு வந்தன; 1946இல் பார்க் க்யூஹோ சியோலில் அப்படியோர் ஆலையை வாங்கித் தொடங்கியதுதான் பின்னாளில் செம்பியோ நிறுவனம் ஆனது. வீடுகள் இந்தப் புட்டியை உடனே தங்கள் சாடிக்கு மாற்றாக ஏற்கவில்லை. ஆலைத் திரவத்தை இறைச்சி ஊறவைக்கவும் வறுவலுக்கும் வைத்துக்கொண்டு, குழம்புக்கும் கீரைக்கும் வீட்டுக் கன்ஜாங்கையே ஊற்றினார்கள். இன்றைக்கும் கொரியக் கடையில் குழம்புக் கன்ஜாங் தனி, மற்ற சமையலுக்கான கன்ஜாங் தனி என்று இரண்டு வகை அடுத்தடுத்து நிற்பது அந்தப் பழைய பாகப்பிரிவினையின் தொடர்ச்சி.

சாடியை உண்மையில் அசைத்தது வீட்டின் வடிவம். 1960இல் சுமார் 24 லட்சம் பேர் இருந்த சியோலில் 1980இல் 83 லட்சத்துக்கு மேல். 1962இல் மாப்போ அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. இன்று நாட்டின் குடும்பங்களில் பாதிக்குமேல் அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. முற்றம் போனது. ஆரம்பத்தில் சாடிகள் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் ஏறிப் பார்த்தன. ஆனால் கண்ணாடி அடைத்த பால்கனியில் காற்று ஓடாது, தொங்கும் மேஜுவின் வாடையைச் சுவரின் மறுபக்கத்துக் குடும்பம் பொறுத்துக்கொள்ளாது. கிராமத்தில் இருந்த அம்மாவும் மாமியாரும் டப்பாவில் அடைத்து அனுப்பியது ஒரு தலைமுறையைத் தாங்கியது. அதாவது வேலை மகள் கையிலிருந்து மீண்டும் தாய் கைக்கே போனது. கன்ஜாங்கை முதலில் கடையில் வாங்கினார்கள், கொச்சுஜாங்கும் டுவென்ஜாங்கும் பின்னால் போயின, கிம்ச்சி கடைசிவரை வீட்டில் நின்றது. கிம்ச்சிக்கும் சாடியை மண்ணில் புதைக்க இடம் வேண்டுமே. 1984இல் ஓர் ஆலை கிம்ச்சிக் குளிர்பெட்டி செய்து பார்த்துத் தோற்றது. 1995இல் மாண்டோ நிறுவனத்தின் டிம்ச்சே வந்தபோது அடுக்குமாடிக் காலம் முற்றியிருந்தது, பெட்டி விற்றுத் தீர்ந்தது. புதைத்த சாடியின் குளிர்ச்சியை உள்ளே நிலையாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. 1996இல் வேகவைத்து அடைத்த சோற்றையும் விற்கத் தொடங்கினார்கள். அதோடு இரவு 20 நிமிடத்தின் எல்லா உறுப்புகளும் கடைக்கு வந்துவிட்டன.

ஆலை ஜாங் வீட்டு ஜாங் ஆகாது என்பதுதான் மிகக் கூர்மையான எதிர்ப்பு. சரியான எதிர்ப்பும்கூட. வைக்கோலும் காற்றும் கொண்டுவந்த பல்வகை உயிர்களின் இடத்தில் ஆலை ஒன்றிரண்டு பூஞ்சண வகைகளை வைக்கிறது. கோதுமை மாவோ அரிசியோ சேர்க்கிறது. சில மாதத்தில் முடிக்கிறது. வித்தியாசம் அடுப்பிலேயே தெரியும். வீட்டு டுவென்ஜாங் கொதிக்கக் கொதிக்க ஆழம் கூடும், அதனால் அதைத் தொடக்கத்திலேயே கரைப்பார்கள். ஆலை டுவென்ஜாங்கை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் போய்ப் புளிப்பு எட்டிப் பார்க்கும் என்பதால் கடைசியில் கரைத்துச் சீக்கிரம் இறக்குவார்கள். இன்றைய வார நாள் சமையலின் வேகம் ஓரளவு ஆலை விழுதின் சுபாவம் விதித்தது என்றே சொல்லலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ருசி இருந்த நாட்டில் சில நிறுவனங்களின் ருசி பரவியது பெரிய இழப்பு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. 1996இல், அமிலத்தால் சோயாவை உடைத்துச் செய்யும் மலிவான சாஸில் தீங்கான வேதிப்பொருள் இருப்பதாகக் கிளம்பிய சர்ச்சை, குறுக்குவழிக்கு எல்லை உண்டு என்பதையும் காட்டியது. ஆனால் இழப்பைக் கணக்கிடுபவர்கள் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். முற்றத்தை விட்ட பெண்கள் பள்ளிக்கும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். அவர்கள் திரும்பி வந்து 20 நிமிடத்தில் குழந்தைகளுக்குச் சத்தான சாப்பாடு வைக்க முடிந்தது அந்தப் பழுப்பு நிற, சிவப்பு நிற பிளாஸ்டிக் டப்பாக்களால். சாடி கடல் கடக்காது, டப்பா கடக்கும். 1996இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காலூன்றிய பின் சென்னையில் குடியேறிய கொரியக் குடும்பங்களுக்குக் கடையில் கொச்சுஜாங் கிடைப்பதும் அந்த மாற்றத்தின் பலன்.

அப்படியானால் உப்புபோல இருக்கும் குளுட்டமேட்டையே நேரடியாகத் தூவிவிடலாமே, ஜாங் எதற்கு என்ற கேள்வியும் வரும். கொரியர்கள் அதையும் செய்து பார்த்தவர்கள்தான். ஜப்பானிய அஜினோமோட்டோவின் இடத்தைப் பிடிக்க 1956இல் மிவோன் என்னும் குளுட்டமேட் தூள் வந்தது, 1975இல் மாட்டிறைச்சிச் சாரத்தூளான தஷிதா வந்தது, இரண்டும் அடுப்படிகளில் நிலைத்தன. நான் அவற்றைப் பழிக்க மாட்டேன். ஆனால் தூள் ஒரு சுவையைத்தான் தரும். ஜாங்கோடு பயற்றின் உடைந்த புரதமும் கொழுப்பும் மணமும் சட்டிக்குள் வருகின்றன, டோஃபுவும் காயும் அதோடு பொருந்துகின்றன. தூள் பரவிய பிறகும் டுவென்ஜாங் டப்பா காலியாகிக்கொண்டே இருப்பது பழக்கதோஷத்தால் மட்டும் ஆகாது.

உப்பைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. டுவென்ஜாங்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு, வீட்டுக் கன்ஜாங்கில் அதைப்போல் இரண்டு மடங்கு. 2010இல் ஒரு கொரியர் நாளொன்றுக்கு உட்கொண்ட சோடியம் சராசரியாக 4,800 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. இரத்த அழுத்தத்துக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் உப்பு மிகுந்த உணவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். பழையது என்பதால் நல்லது என்று பேசுவோர் இந்த எண்ணைத் தாண்டிப்போகக் கூடாது. ஆனால் சாடியில் அவ்வளவு உப்பு இருந்ததற்குக் காரணம் ருசி அன்று, பாதுகாப்பு. குளிர்பெட்டி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் உப்பைக் குறைத்த ஜாங்கும் கிம்ச்சியும் செய்ய முடிந்தது. 2012 முதல் அரசு எடுத்த முயற்சிகளோடு சேர்ந்து சராசரி இன்று 3,000ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. இங்கேயும் பழைய முறையை நலமாக்கியது, பழைய வேலையின் ஒரு பகுதி இயந்திரத்துக்கு மாறியதே.

யுனெஸ்கோ தென்கொரியாவின் கிம்ஜாங் என்னும் கூட்டாகக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013இலும், ஜாங் போடும் பண்பாட்டை 2024 டிசம்பரிலும் மானுடத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் பாராட்டு முழுவதும் குடும்பம், ஒற்றுமை, தலைமுறைத் தொடர்ச்சி என்ற சொற்களில் வரும்போது, நவம்பரில் குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்க முட்டைக்கோஸ் கழுவியவர் யார், மழைக்குச் சாடி மூட ஓடியவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. இன்று பெரும்பாலான வீடுகள் ஜாங்கைக் கடையில் வாங்கும் நிலையில், ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களும் அந்த மரபின் பங்காளிகள்தான். 1997இல் சுன்சாங்கில் கொச்சுஜாங் செய்வோருக்கென்றே கிராமம் ஒன்றை அமைத்தார்கள். வீட்டில் அம்மாவிடம் கற்ற கைப்பக்குவம் அங்கே கடைப் பெயர்ப்பலகையோடு வருமானம் தரும் தொழிலாக மாறியது. இன்னொரு ஏற்பாடும் பரவியிருக்கிறது. நகரத்துக் குடும்பம் ஒரு கிராமத்தில் தன் பெயரில் சாடி ஒன்றைப் பதிவு செய்து பணம் கட்டுகிறது. குளிர் குறையும் மாதத்தில் குழந்தைகளோடு போய் மேஜுவை உப்புத் தண்ணீரில் இறக்குகிறது, இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பிரித்தெடுக்கிறது, முதிர்ந்ததும் வாங்கிவருகிறது. இடைப்பட்ட மாதங்களில் மூடியைத் திறப்பதும் மூடுவதும் துடைப்பதும் கிராமத்தவர் வேலை. குடும்பம் கட்டும் பணத்தில் சோயாவுக்கும் உப்புக்கும் சாடிக்கும் போக, அந்த வேலைக்கான கூலியும் அடக்கம்.